7 மீ/வி-ல சரி, 10 மீ/வி-ல மட்டும் டார்க் ஏன் விழுது? (என்ஆர்இஎல் ஃபேஸ் 6 ரோட்டர், சிஎஃப்டி)

வலைபின்னி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எம்.இ. கடைசி வருஷம், கோயம்புத்தூர் பக்கம். ப்ராஜெக்ட்டுக்கு, அமெரிக்க அரசோட என்ஆர்இஎல் ஆய்வுக்கூடம் அளந்து வெச்ச ஃபேஸ் 6 காற்றாலை ரோட்டரை எடுத்து, அதைச் சுத்தி ஓடுற காத்தைக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறேன் (சிஎஃப்டி). ரெண்டு பிளேடு, விட்டம் 10.058 மீட்டர், 72 ஆர்பிஎம், அடியிலிருந்து நுனி வரைக்கும் எஸ்809 ஏர்ஃபாயில் (பிளேடோட குறுக்குவெட்டு வடிவம்). ஓப்பன்ஃபோம் மென்பொருள்ல, கே-ஒமேகா எஸ்எஸ்டிங்கற டர்புலன்ஸ் (கொந்தளிப்பு) மாடல்ல, ஒரு பிளேடு மட்டும் வெச்சு, மீதிப் பாதியும் அதே மாதிரிதான்னு பீரியாடிக்கா விட்டிருக்கேன். மெஷ்ல 62 லட்சம் செல். பிளேடை ஒட்டின முதல் செல்லோட உயரம் 8 மைக்ரோமீட்டர், அதனால ஒய் பிளஸ் (பரப்பை ஒட்டின மெஷ் போதுமான நுணுக்கமான்னு சொல்ற எண்) ஒண்ணுக்குக் கிட்ட வருது.

7 மீ/வி காத்து வேகத்துல அளந்த டார்க் (முறுக்குவிசை) சுமார் 800 நியூட்டன்-மீட்டர். எனக்கு 836. பரவாயில்லை.
10 மீ/வி-ல அளந்தது 1300-க்கு மேல. எனக்கு 1010!

கைடு "மெஷ்ஷை நுணுக்கு"ன்னார். 1.1 கோடி செல் வரைக்கும் போனேன். 1004 வந்துச்சு. அதுக்கு லேப் மெஷின் ஒன்றரை நாள் எடுத்துச்சு, நடுவுல யாரோ ஏசியை ஆஃப் பண்ணி அதுவே நின்னும் போச்சு. மூணு வாரத்துல வைவா. எந்த டர்புலன்ஸ் மாடலுக்கு மாறலாம்?

கொதிகலன்

தலைப்புல டார்க், ரோட்டர்னு பார்த்து நீராவி டர்பைன்னு நினைச்சு ஓடி வந்தேன். காத்தாடியா? சரி, ஓரமா உக்காந்து வேடிக்கை பாக்குறேன்.

கடல்காற்று

தம்பி, மொடலை இப்ப மாத்த வேண்டாம். நான் டென்மார்க்கிலை பிளேட் லோட் கணக்குப் பாக்கிற வேலையிலை பன்ரெண்டு வருசமா இருக்கிறன். இந்த றோட்டரைத் தொடாமல் இஞ்ச ஒருத்தரும் வேலை பழகிறேல்லை.

முதலிலை கொஞ்சம் பழைய கதை சொல்லுறன், உங்களுக்கு உதவும். என்ஆர்இஎல் காரர் இந்த மெஷினை முந்திக் கொலராடோவிலை வெளிக்காற்றிலைதான் வச்சு அளந்தவை. வெளியிலை காற்று ஒரு நிமிசம் நிண்ட மாதிரி நிக்காது. கணக்கு பிழைச்சால் அது கணக்கின்ர பிழையோ காற்றின்ர பிழையோ எண்டு பிரிக்க ஏலாது. அதுதான் 2000-ம் ஆண்டு மெஷினைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய், நாசா ஏம்ஸின்ர பெரிய காற்றுச் சுரங்கத்துக்குள்ள நிப்பாட்டினவை. வாய் 24.4 மீட்டர் உயரம், 36.6 மீட்டர் அகலம். பத்து மீட்டர் றோட்டர் சுத்தியும் குறுக்குவெட்டிலை 9 வீதம்கூட அடைபடேல்லை.

பிறகுதான் பகிடி. முடிவுகளைப் பூட்டி வச்சுக்கொண்டு, அமெரிக்கா ஐரோப்பாவிலை இருந்த முப்பது நிபுணர் அளவிலை கூப்பிட்டு, "நீங்கள் கணிச்சுத் தாங்கோ" எண்டு கேட்டவை. டிசம்பரிலை உறையைத் திறந்தினம். 7 மீ/வி-யிலை, ஸ்டாலே (காற்று பிளேட்டை விட்டுப் பிரியிறது) இல்லாத, காற்று நேராய் வாற ஆகச் சுகமான கேஸிலை, பவர் கணிப்பு அளந்ததின்ர 25 வீதத்திலையிருந்து 175 வீதம் வரைக்கும் சிதறிக் கிடந்தது. ஸ்டால் வாற வேகங்களிலை 30-இலையிருந்து 275 வீதம். அவ்வளவு பேரும் பிளேட் கணக்குப் பாத்தே சோறு திண்டவை!

அந்தக் கூட்டத்திலை அளவீட்டோட நல்லா ஒத்துப்போனது டென்மார்க்கின்ர ரீசோ ஆய்வுகூடக் காரர் முழு நேவியர்-ஸ்டோக்ஸ் போட்டு ஓடின கணக்கு. அவையும் கே-ஒமேகா எஸ்எஸ்டிதான் போட்டவை. உங்கட மொடலும் அதுதானே? அப்ப 1010 எண்டது மொடலின்ர குணமில்லை. வேற எங்கையோ பிழை.

டார்க் எண்ட ஒரு இலக்கத்தை விட்டிட்டு ஆரத்திலை 30, 47, 63, 80, 95 வீத இடங்கள் அஞ்சிலையும் நோர்மல் ஃபோர்ஸ் (பிளேட் வெட்டுக்குச் செங்குத்தான விசை) குணகத்தைப் போடுங்கோ. 10 வேண்டாம். 7-ஐப் போடுங்கோ.

வலைபின்னி

ரொம்ப நன்றி அக்கா. ஆனா 7-ல தான் 4.5% வித்தியாசத்துல சரியா வந்துடுச்சே? பிரச்சினை 10-ல தானே?

கடல்காற்று

சரியா வந்ததோ இல்லையோ எண்டு இனித்தான் தெரியும். போடுங்கோ.

சுரங்கஎலி

நான் அளக்குற பக்கம். அளக்குறவங்க தரப்புல ரெண்டு வார்த்தை.

தம்பி, "அளந்த டார்க்"னு எதைச் சொல்ற? அந்த டேட்டாவுல டார்க் ரெண்டு வழியில கிடைக்கும். ஒண்ணு, மெயின் ஷாஃப்ட்ல ஒட்டின ஸ்ட்ரெய்ன் கேஜ். இன்னொண்ணு, பிளேடுல அந்த அஞ்சு இடத்துலயும் போட்ட 22 அழுத்தத் துளையைக் கூட்டி, இடையில கோடு இழுத்துக் கணக்குப் போட்டது. ரெண்டாவதுல உராய்வு கிடையாது. துளை அழுத்தத்தைத்தான் சொல்லும், தோலை இழுக்குற காத்தைச் சொல்லாது. நீ உன் கணக்குல உராய்வைச் சேர்த்து எடுத்து துளைக் கணக்கோட ஒப்பிட்டா, ஆப்பிளையும் கொய்யாவையும் தராசுல வெச்ச மாதிரி.

அப்புறம் சிஎஃப்டி பசங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம். சுத்துற பிளேடுக்குள்ள அழுத்தம் அளக்குறது சாதாரண வேலை இல்லை. அழுத்தமானி பிளேடுக்குள்ள இருக்கு. அது ஒப்பிட்டுப் பாக்குற அடிப்படை அழுத்தம் நடுவுல, ஹப் பெட்டில இருக்கு. ரெண்டையும் இணைக்குற குழாய்க்குள்ள இருக்குற காத்தும் சேர்ந்து சுத்துது, வெளிப்பக்கம் தள்ளுது. அதைக் கழிக்கணும். நுனி வேகம் நொடிக்கு 38 மீட்டர். அரை இன்ட்டு அடர்த்தி இன்ட்டு வேக வர்க்கம்னு போட்டா நுனிக்கிட்ட 880 பாஸ்கல் வரும். அங்க காத்தோட மொத்த இயங்கு அழுத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! திருத்தத்தை மறந்தா குணகத்துல முழுசா ஒண்ணு தப்பும். என்ஆர்இஎல் காரங்க இதெல்லாம் திருத்தித்தான் கொடுத்திருக்காங்க, கவலைப்படாதே. ஆனா எவன் டேட்டாவைக் கையில எடுத்தாலும் "எதைக் கழிச்சு வந்தது இது?"ன்னு கேட்டுப் பழகு.

நான் படிச்ச இடத்துல ஒரு சின்னச் சுரங்கம், கேஸ்கேட் (வரிசையா அடுக்கின பிளேடு) சோதனை. 14-வது துளை மட்டும் எந்த வேகத்துலயும் ஒரே நம்பர். அந்த இடத்துல பிரிவுக் குமிழி நிக்குதுன்னு நானும் ஜூனியரும் ரெண்டு வாரம் கதை கட்டினோம், படமெல்லாம் வரைஞ்சோம். கடைசில பாத்தா டேபிள் காலுக்கடியில டியூப் நசுங்கிக் கிடக்குது.

ஈ_பவர்_என்

மன்னிக்கணும், எல்லாரும் சுத்தி வளைக்கிறீங்க. எஸ்809 லாமினார் ஏர்ஃபாயில், தடிமன் 21 சதவீதம். ரெனால்ட்ஸ் எண் பத்து லட்சத்தை ஒட்டி. பாதி தூரம் பிளேடை ஒட்டின காத்துப் படலம் லாமினாராத்தான் (கலங்காம) ஓடும். முழுக்க டர்புலன்ட்னு வெச்சு ஓட்டினா படலம் தடிச்சு, ஸ்டால் முன்னாடியே வரும், டார்க் விழும். லாமினார் எங்க டர்புலன்ட்டா மாறுதுன்னு (ட்ரான்சிஷன்) கணிக்கிற காமா-ரீதீட்டா மாடல் போடுங்க. லாங்ட்ரி, மென்ட்டர் 2006-ல இதே எஸ்809-ஐ எடுத்துத்தான் அந்த மாடலைக் காட்டியிருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும்?

கடல்காற்று

ஓம், ட்ரான்சிஷன் முக்கியம்தான், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் ரீசோ காரர் முழு டர்புலன்டிலைதானே ஓடிக் கிட்ட வந்தவை? ட்ரான்சிஷனாலை 300 நியூட்டன்-மீட்டர் போகாது. அத்திவாரம் சரிஞ்சிருக்கேக்கை பெயின்ற் நிறத்தைப் பற்றிக் கதைக்கக் கூடாது.

வலைபின்னி

போட்டாச்சு. 7 மீ/வி, அஞ்சு இடம். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அஞ்சுலயும் என் நோர்மல் ஃபோர்ஸ் குணகம் அளந்ததை விட அதிகம். 30%-ல கொஞ்சம், வெளிப்பக்கம் போகப் போக 12, 13 சதவீதம். ரோட்டரைப் பின்னாடி தள்ளுற விசையும் அதே அளவு கூடுதல். டார்க் மட்டும்தான் ஏதோ அதிர்ஷ்டத்துல 4.5%-ல வந்து நின்னிருக்கு.

சுரங்கஎலி அண்ணே, நான் ஒப்பிட்டது ஷாஃப்ட் கேஜ் டார்க் தான். அது வரைக்கும் தப்பிச்சேன்.

ஈ_பவர்_என்

எல்லா இடத்துலயும் ஒரே பக்கமா ஏறியிருக்குன்னா டர்புலன்ஸ் மாடல் இல்லை. ஒத்துக்குறேன். உள்ள வர்ற வேகத்தைப் பாருங்க, காத்தோட அடர்த்தி என்ன போட்டீங்க?

வலைபின்னி

வேகம் 7.0, அடர்த்தி அறிக்கைல இருக்குறதுதான். ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன்.

ஆரல்வாய்

இங்கே வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. நான் பொறியாளர் அல்ல. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் பேசும் கணக்கு எனக்குப் பாதிதான் புரிகிறது. ஆனால் 'ஸ்டால் மெஷின்' என்றால் என்னவென்று தெரியும். 90-களில் எங்கள் கணவாயில் நின்றதில் பாதிக்கு மேல் அவைதான். பிளேடு திரும்பாது, போல்ட்டில் இறுக்கி வைத்த கோணம்தான் ஆயுசுக்கும். காற்று மிஞ்சினால் பிளேடே ஸ்டாலாகி பவரைக் கட்டுப்படுத்திக்கொள்ளும்.

அந்தக் கோணத்தில் அரை டிகிரி பிசகினால் ஆனி, ஆடிக் காற்றில் உச்ச பவர் கண்கூடாக மாறும். கூடினால் ஜெனரேட்டர் சூடாகி ட்ரிப். குறைந்தால் முதலாளி போனில் சூடாவார். அதனால் சீசனுக்கு முன்பு சில மெஷின்களில் போல்ட்டைத் தளர்த்திக் கோணம் மாற்றுவோம். ஒருமுறை இரண்டு கோஷ்டி ஒரே மெஷினில் வேலை பார்த்தார்கள். இரண்டு பேரும் "ஒன்றரை டிகிரி வைத்தாச்சு" என்றுதான் எழுதிக்கொடுத்தார்கள். ஒருவர் நுனியில் டெம்ப்ளேட் வைத்து அளந்தவர். இன்னொருவர் வேர்ப் பக்கம் இருந்த குறியை வைத்து அளந்தவர். மெஷின் ஒரு வாரம் அதிர்ந்துகொண்டே ஓடியது. ஏணியில் ஏறி நான்தான் கண்டுபிடித்தேன். தம்பி, உங்கள் பிளேடில் கோணத்தை எந்த இடத்தில் வைத்து அளந்தீர்கள்?

கடல்காற்று

ஐயா!!

தம்பி, ஐயா கேட்ட கேள்விக்கு உடன பதில் சொல்லுங்கோ. 3 டிகிரி பிட்ச்சை (பிளேட்டைத் திருப்பி வைக்கிற கோணத்தை) எங்க வச்சீங்கள்?

வலைபின்னி

ட்விஸ்ட் (பிளேடோட முறுக்குக் கோணம்) அட்டவணைல 75% ஆரத்துல கோணம் பூஜ்யம். அடியில 20 டிகிரி, 75%-ல 0, நுனில மைனஸ் 1.8 கிட்ட. அந்தப் பூஜ்யத்தை ஆதாரமா வெச்சு மொத்த பிளேடையும் 3 டிகிரி திருப்பினேன்.

...

அறிக்கைல "நுனி பிட்ச் 3 டிகிரி"ன்னு போட்டிருக்கு. நுனி.

கடல்காற்று

ம்ம். நுனியிலை 3 எண்டால் 75 வீதத்திலை 4.8. நீங்கள் 3 வச்சிருக்கிறீங்கள். பிளேட் முழுக்க 1.8 டிகிரி குறைவாத் திரும்பி நிக்குது, அவ்வளவும் தாக்குகோணத்திலை கூடியிருக்கு. 7-இலை காற்று இன்னும் ஒட்டிக்கொண்டு ஓடுறதாலை ஏற்றுவிசை கூடிச்சுது, ஆனால் அது அனேகமா பின்பக்கம்தான் தள்ளும், டார்க்கிலை பெரிசாத் தெரியாது. 10-இலை பிளேட் ஏற்கெனவே ஸ்டாலின்ர விளிம்பிலை நிக்குது, அதிலை இன்னும் 1.8 டிகிரி குடுத்துத் தள்ளி விழுத்திப்போட்டீங்கள்.

வெக்கப்பட வேண்டாம். இதே குழியிலை விழுந்த ஆக்களை நான் எண்ணி முடிக்கேலாது. நானும் ஒருக்கா விழுந்தனான், அப்ப ஏணியோட வந்து தூக்கிவிட ஐயா மாதிரி ஒருத்தரும் இருக்கேல்லை.

கொதிகலன்

வேடிக்கை பாக்க வந்தவனுக்கு நல்ல க்ளைமேக்ஸ். ஆரல்வாய் ஐயாவுக்கு ஒரு கும்பிடு.

ஆரல்வாய்

நன்றி. ஒரு சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன், ரொம்ப நாளாக மனதில் இருப்பது. அதே ஸ்டால் மெஷின்கள் ஒரே காற்றில் ஒரு நாள் நன்றாகத் தரும், இன்னொரு நாள் குறைவாகத் தரும். கோணம் மாறியிருக்காது. சாரல் பெய்து பிளேடு கழுவின மறுநாள் பார்த்தால் பவர் எகிறும். தூசி என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். ஆனால் தூசி என்றால் குறைந்த காற்றிலும் குறைய வேண்டுமே? அப்போதெல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

சுரங்கஎலி

ஐயா, உங்க கேள்விக்குப் பதில் 2001-ல நேச்சர் இதழ்லயே வந்திருக்கு! கார்ட்டன், வெல்ட்காம்ப்னு ரெண்டு டச்சுக்காரங்க எழுதினது. கலிபோர்னியாவுல இதே கதை. ஒரே காத்துல பவர் ரெண்டு மூணு மட்டத்துல நிக்குது, ஏன்னு யாருக்கும் பிடிபடலை.

அவங்க சொன்னது பூச்சி. பூச்சி மெல்லிய காத்துலதான் பறக்கும், பலமான காத்துல வெளியவே வராது. மெல்லிய காத்துல பிளேடோட முன்விளிம்புல எங்க ஒட்டுதோ அந்த இடத்துல அப்போ பெரிய வேலை நடக்குறதில்லை, அதனால பவர் குறையாது. காத்து பலமானா தாக்குகோணம் மாறி, உறிஞ்சு அழுத்தத்தோட உச்சி நகர்ந்து சரியா அந்த ஒட்டின இடத்துக்கு மேலயே வந்து உக்காரும். அப்போ சொரசொரப்பு வேலையைக் காட்டும், ஸ்டால் முன்னாடியே வந்துடும். பாதி பவர் வரைக்கும் போகலாம்னு எழுதியிருந்தாங்க. மழை கழுவுற வரைக்கும் அப்படியே இருக்கும். உங்க ஊர்ல அது பூச்சியா, தூசியான்னு நான் இங்க உக்காந்து சொல்ல முடியாது. ஆனா "குறைஞ்ச காத்துல சரியா இருக்கு"ங்கற உங்க கவனிப்பு அப்படியே பொருந்துது.

ஆரல்வாய்

முன்விளிம்பில் கருப்பாகப் பிசின் போல ஒட்டியிருக்கும், துணியால் துடைத்தால் போகாது. பூச்சிதான் போலிருக்கிறது. முப்பது வருடம் கழித்துத் தெரிந்தது.

வலைபின்னி (நாலு நாள் கழிச்சு)

திருத்தி ஓட்டியாச்சு. 7-ல 792, அஞ்சு இடத்துலயும் நோர்மல் ஃபோர்ஸ் 4 சதவீதத்துக்குள்ள. 10-ல 1262!

ஆனா ஒரு இடம் மட்டும் மடங்க மாட்டேங்குது. 10 மீ/வி, 47 சதவீதம். மத்த நாலு இடத்துலயும் அழுத்தக் கோடு அளவீட்டு மேலயே படியுது. 47-ல உறிஞ்சு பக்கம் என் கோடு ஒரு கதை சொல்லுது, துளைகள் வேற கதை சொல்லுது. இன்னும் ஏதாவது தப்பு வெச்சிருக்கேனா?

கடல்காற்று

இல்லை தம்பி, இந்த முறை உங்களிலை பிழையில்லை. 10-இலை 47 எண்டது எங்கட துறையிலை எல்லாரும் மண்டையை உடைச்ச இடம். உள்பக்கம், 30-இலை, காற்று பிரிஞ்சாலும் சுழற்சி காப்பாத்துது. பிரிஞ்ச மெதுக்காற்றை மையவிலக்கு விசை வெளிப்பக்கம் இழுக்குது, சுழலுறதாலை வாற கோரியோலிஸ் விசை அதைப் பின்விளிம்புப் பக்கம் தள்ளுது. அதாலை இருபரிமாணத்திலை விழுந்திருக்க வேண்டிய ஏற்றுவிசை விழாமல் நிக்குது. ஹிம்மல்ஸ்காம்ப் 1945-இலையே சுழலுற ப்ரொப்பெல்லரிலை இதைக் கண்டவர். வெளிப்பக்கம் காற்று இன்னும் ஒட்டி ஓடுது. ரெண்டுக்கும் நடுவிலை, 47-இலை, முன்விளிம்பு ஸ்டால் சரியாத் தொடங்கிற இடம்.

ஈ_பவர்_என்

இப்பவாவது காமா-ரீதீட்டா போடலாமா?

கடல்காற்று

போடலாம், போடலாம் :) இப்ப போட்டால் அர்த்தமிருக்கு.

சுரங்கஎலி

போடு. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணு. அந்த டேட்டாவுல சராசரியை மட்டும் எடுக்காம, திட்ட விலக்கத்தையும் எடுத்து அதே படத்துல பிழைப்பட்டையாப் போடு. ஒரு பதிவு 30 நொடி. 72 ஆர்பிஎம்னா 36 சுத்து. நொடிக்கு 520 தடவை பதிவு, ஒரு சுத்துக்கு 430-க்கு மேல புள்ளி. 80-லயும் 95-லயும் பட்டை தலைமுடி மாதிரி இருக்கும். ஸ்டால் தொடங்குற இடத்துல பட்டை விரியும். காத்து ஒரு கணம் ஒட்டும், ஒரு கணம் விட்டுடும். ரெண்டையும் சேர்த்துச் சராசரி போட்டா வர்ற கோடு, ஒரு கணம்கூட பிளேடு மேல இல்லாத கோடா இருக்கலாம். நீ நிலையான தீர்வு ஓட்டுற. அதால ஒரே ஒரு நிலையைத்தான் தர முடியும். ரெண்டுல எதைத் தரும்னு கேட்டா, அது நீ முதல்ல கொடுத்த ஊகத்தைப் பொறுத்துக்கூட மாறலாம்.

நேரம் இருந்தா நேரம் சார்ந்து ஓட்டிப் பாரு. லேப் மெஷின்ல வைவாவுக்குள்ள முடியாது, தெரியும். அப்போ 47-ஐ மறைக்காம அப்படியே போட்டு, பக்கத்துல பட்டையையும் காட்டு. கேள்வி கேக்குறவர் விஷயம் தெரிஞ்சவரா இருந்தா அந்த ஒரு படத்துலயே நிப்பார்.

வலைபின்னி

கைடு "டார்க் பிழை 5%-க்கும் குறைவு"ன்னு சுருக்கத்துல எழுதச் சொல்றார். 47 படத்தை அனுபந்தத்துக்குத் தள்ளச் சொல்றார்.

கடல்காற்று

கைடோட சண்டை பிடிக்காதீங்கோ, அஞ்சு வீதத்தைச் சுருக்கத்திலை எழுதுங்கோ, அது உண்மைதானே. ஆனால் படம் ஐந்தாம் அத்தியாயத்திலை இருக்கட்டும். முதல் தரம் 836 எப்பிடி வந்ததெண்டதையும் ஒரு பந்தியிலை எழுதுங்கோ. டார்க் சரியா வந்தும் பிளேட் பிழையா நிண்ட கதை, உங்களுக்குப் பிறகு வாற பிள்ளைக்கு உங்கட 1262-ஐ விடப் பிரயோசனம்.

வலைபின்னி

எழுதிட்டேன் அக்கா. நன்றிப் பக்கத்துல "ஆரல்வாய்"னு போட்டிருக்கேன், கைடு யாருன்னு கேட்டார். ஏணின்னேன்.

இப்போ காமா-ரீதீட்டாவுல 10 மீ/வி ஓடிட்டு இருக்கு. நாளைக்குக் காலைல ஒன்பதுல இருந்து கரண்ட் கட்னு லேப் கதவுல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க.

ஈ_பவர்_என்

ரைட் இன்டர்வல் (எத்தனை ஸ்டெப்புக்கு ஒரு தடவை முடிவைச் சேமிக்கும்) எவ்வளவு வெச்சிருக்க?

வலைபின்னி

5000.

ஈ_பவர்_என்

இப்பவே எழுந்து போய் 200-ஆ மாத்துடா.